எச்சில் குழாய், சிவப்புப் பட்டை, 61 மதிப்பெண்: அல்சைமர் மரபணு கிட் வாங்கிய கதை

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டும் மரபணுவைச் சரியாகப் படித்துச் சொன்னதற்கு. மிச்ச மூன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், அவசரத்தில் இருப்பவர்கள் கீழே பவுடர் பற்றி வரும் இடத்தை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் காசு மிச்சம்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி கிட் விற்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன, நான் சொல்வதில் பாதி அவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு அல்சைமர் என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் நான் சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினாலே வயிற்றைக் கலக்கும். ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் மொபைலைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, "உங்கள் மூளையின் எதிர்காலம், உங்கள் எச்சிலில்" என்று விளம்பரம் வந்தது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள்.

பெட்டி அழகாக இருந்தது, குறை சொல்ல முடியாது. உள்ளே ஒரு குழாய், ஒரு மூடி, ஒரு பை, அவ்வளவுதான். துப்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. சுலபம் என்று நினைத்தேன். குழாயில் ஒரு கோடு இருக்கிறது, எச்சில் அதுவரை வர வேண்டும், நுரை கணக்கில் சேராது. எனக்கு வந்ததெல்லாம் நுரைதான். பத்து நிமிஷம் துப்பி, தட்டிப் பார்த்து, நுரை அடங்கியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கி, மறுபடி துப்பி, கடைசியில் கன்னத்தைப் பிசைந்து பிசைந்து நிரப்பினேன். மூடியை அழுத்தினால் அதற்குள் இருக்கும் நீலத் திரவம் கீழே இறங்கிக் கலக்கிறது. அந்த ஒரு நொடி மட்டும் ஏதோ ஆராய்ச்சி செய்கிற மாதிரி பெருமையாக இருந்தது.

ரிப்போர்ட் சொன்ன நாளைவிட முன்னாலேயே வந்தது. ஏபிஓஇ என்ற மரபணுவில் எனக்கு இ3/இ4. இது 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மூளைக்குள் கொழுப்பைச் செல்லுக்குச் செல் சுமந்து போகிற ஒரு புரதத்துக்கான செய்முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இ2, இ3, இ4 என்று மூன்று வகை, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. மூன்றுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அந்தப் புரதச் சங்கிலியில் 112, 158 என்ற இரண்டே இடங்கள்தான், அந்த இரண்டு இடத்தைப் படிப்பது இன்றைக்குப் பெரிய வித்தையில்லை. சந்தேகம் தீர அம்மாவைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் மூலம் முறையான லேபிலும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். அங்கேயும் இ3/இ4. அதனால்தான் இரண்டு நட்சத்திரம்.

இனிமேல்தான் பிரச்சினை.

ரிப்போர்ட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரு சிவப்புப் பட்டை, நடுவில் "3 மடங்கு ஆபத்து". எதைவிட மூன்று மடங்கு என்று அந்தப் பக்கத்தில் இல்லை, உள்ளே ஐந்தாறு பக்கம் தள்ளிப் போனால்தான் இ3/இ3 உள்ளவர்களை விட என்று தெரிகிறது. எண் தப்பில்லை, ஒரு இ4 இருந்தால் சுமார் மூன்று மடங்கு என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள், இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. ஆனால் மடங்குக் கணக்கு மட்டும் பார்த்தால் மனசு போகிற போக்கே வேறு. 2011இல் வந்த ஒரு பெரிய கணக்கின்படி, ஒரு இ4 உள்ள பெண்களில் 85 வயதுக்குள் அல்சைமர் வருவது 100க்கு சுமார் 30 பேருக்கு, ஜீன் பார்க்காமல் எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் 14 பேருக்கு. அதாவது என்னைப் போன்ற நூறு பேரில் எழுபது பேர் 85 வயது வரை அது வராமலேயே இருப்பார்கள். இந்த எழுபதைப் பட்டையில் போட்டிருந்தால் அன்றைக்கு ராத்திரி நான் தூங்கியிருப்பேன்.

இன்னொன்று, இந்த எண்களெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டவை. 1997இலேயே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஜப்பானியர்களிடம் இ4 இன்னும் பலமாகவும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பலம் குறைந்தும் வேலை செய்கிறது என்று காட்டிவிட்டார்கள். வம்சாவளி என்ன என்று கேட்டு நான் பூர்த்தி செய்த கட்டம் கேள்வித்தாளில் இருந்தது, ஆனால் ரிப்போர்ட்டில் அதற்கு எந்த வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

சரி, இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது மூன்றாவது பக்கத்தில் இருந்த "மூளை ஆற்றல் குறியீடு". எனக்கு 100க்கு 61. கீழே ஒரு மூளைப் படம், பின்பக்கம் நீலமாக, முன்பக்கம் ஆரஞ்சாக. என் மூளை சர்க்கரையை எவ்வளவு நன்றாக எரிக்கிறது என்பதற்கான அளவாம். ஸ்கேன் இல்லை, ரத்தம் இல்லை, எச்சிலை வைத்து!

இந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், நிஜமான படத்தை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு எஃப்டிஜி பெட் ஸ்கேன் எடுத்தபோது கூடவே இருந்தேன். மூளை உடல் எடையில் வெறும் 2%, ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20% அதற்குத்தான் போகிறது, அதுவும் பெரும்பாலும் குளுக்கோஸாக. அந்தக் குளுக்கோஸ் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஸ்கேன். குளுக்கோஸ் மாதிரியே இருக்கிற, ஃபுளோரின்-18 ஒட்டிய ஒரு பொருளை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்து, முதல் படியாக ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது, அதற்கு மேல் உடைக்க முடியாமல் அது உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. எந்தப் பகுதிக்குப் பசி அதிகமோ அங்கே அதிகம் மாட்டும், அங்கே படம் பளிச்சென்று தெரியும்.

அந்த மருந்து சுமார் 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும், அதனால் எல்லாமே கடிகாரம் பார்த்து நடந்தது. வெறும் வயிறு, விரல் நுனியில் சர்க்கரை அளவு, அப்புறம் ஊசி, அப்புறம் மங்கலான வெளிச்சத்தில் ஒரு அறையில் அரை மணி நேரம் அசையாமல், பேசாமல். பேசினால் பேச்சுக்கான பகுதி சர்க்கரையை இழுக்கும், படித்தால் பார்வைப் பகுதி இழுக்கும், படம் கெட்டுவிடும். அம்மாவுக்கு அது எப்படிப் புரியும்? இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை "போகலாமா?" என்றாள். டெக்னீஷியன் பெண் ஒவ்வொரு தடவையும் உதட்டில் விரலை வைத்துச் சிரித்தாள், அம்மாவும் ஏதோ ரகசிய விளையாட்டு என்று நினைத்து அதே மாதிரி உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். ஸ்கேன் என்னவோ கால் மணி நேரம்தான்.

பிறகு டாக்டர் திரையில் காட்டினார். தலையின் பின்பக்கம் நடுவில் பிரிகியூனியஸ், அதை ஒட்டிப் பின்புற சிங்குலேட், இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் மேலே, அங்கெல்லாம் நிறம் மங்கிக் கிடந்தது. கை கால் அசைக்கும் பட்டை பளிச்சென்று இருந்தது, பார்வைப் பகுதியும் சிறுமூளையும் நன்றாகவே இருந்தன. "இந்த வடிவம்தான் அல்சைமரின் கையெழுத்து. முன்பக்கம் முதலில் மங்கியிருந்தால் வேறு மறதி நோயை யோசிப்போம், பின்னால் பார்வைப் பகுதி மங்கியிருந்தால் இன்னொன்று" என்றார். அம்மா நடக்கிறாள், பார்க்கிறாள், ஆனால் இப்போது எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் நழுவுகிறது என்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. உறவினர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு "அப்போ குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கலாமே" என்றார். ரத்தத்தில் சர்க்கரை இல்லாததால் வருகிற பஞ்சம் இல்லை இது. வாசல்வரை சாமான் வந்து நிற்கிறது, உள்ளே வாங்கிச் சமைக்க ஆள் குறைந்துவிட்டது.

இப்போது அந்த 61க்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் அதற்கு ஆதாரமாகச் சொன்ன ஆராய்ச்சி பொய்யில்லை. எரிக் ரைமன் குழு 1996இல், இரண்டு இ4 உள்ள, ஞாபகத்தில் எந்தக் கோளாறும் இல்லாத நடுவயதுக்காரர்களை ஸ்கேன் செய்தபோது, அல்சைமர் நோயாளிகளுக்கு மங்குகிற அதே இடங்கள் அவர்களுக்கும் கொஞ்சம் மங்கலாக இருந்தன. 2004இல் அதே குழு இன்னும் ஒரு படி போய், இருபது முப்பது வயதுக்காரர்களிடமே, ஒரே ஒரு இ4 இருந்தாலும், அந்த வித்தியாசத்தைக் காட்டியது. நோய் தலைகாட்டுவதற்குப் பல பத்து வருடங்களுக்கு முன்னால்! படிக்கும்போது எனக்கே முதுகு சில்லிட்டது. ஆனால் அந்த இரண்டாவது ஆய்வில் இ4 உள்ளவர்கள் 12 பேர், இல்லாதவர்கள் 15 பேர். ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் இன்னொரு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் அது. அதை வைத்துக்கொண்டு இன்னாருக்கு 61, இன்னாருக்கு 78 என்று மார்க் போடுவது, ஒரு வகுப்பின் சராசரி உயரத்தைக் கேட்டுவிட்டு மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பையனுக்குச் சட்டை தைப்பது மாதிரி.

சர்க்கரை எரிவது குறைவதால் நோய் வருகிறதா, நோயில் நரம்பு இணைப்புகள் போய்விட்டதால் சர்க்கரை தேவைப்படாமல் போகிறதா என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ரிப்போர்ட்டுக்கு அந்தச் சந்தேகமே இல்லை, "மூன்றாம் வகை சர்க்கரை நோய்" என்று தைரியமாகத் தலைப்பே போட்டிருக்கிறது. அந்தப் பெயர் 2005இல் ஒரு ஆய்வுக் குழு வைத்தது, எந்த டாக்டரும் நோய்ப்பெயராகச் சீட்டில் எழுதுவதில்லை. அந்த யோசனையை நம்பி மூக்கு வழியாக இன்சுலின் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2020இல் பலன் இல்லை என்று முடிந்தது. சர்க்கரை நோய் மருந்தான செமாக்ளூடைடை ஆரம்பநிலை அல்சைமரில் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளும் 2025 நவம்பரில் அதே மாதிரிதான் முடிந்தன.

ஒரு சின்ன சோதனை நானும் செய்தேன். கேள்வித்தாளுக்குத் திரும்பிப் போய், தூக்கம் ஆறு மணி நேரம் என்று இருந்ததை எட்டாக மாற்றினேன். சேமி என்று அழுத்தினேன். 61 எழுந்து 74 ஆனது. மூளைப் படத்தில் நீலம் சுருங்கியது. நாற்காலியை விட்டுக்கூட நகரவில்லை.

கஸ்டமர் கேருக்கு எழுதினேன், குறியீட்டை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று. மூன்று தடவை மூன்று பேர், ஒரே பதில், "எங்களது தனியுரிமை அல்காரிதம்". பேக்கேஜில் சேர்ந்திருந்த ஆலோசனை அழைப்பில் மரபணு ஆலோசகர் வருவார் என்று நினைத்தேன், வந்தவர் "வெல்னெஸ் கோச்". நல்ல பையன்தான், ஆனால் இ4க்கும் பிஎஸ்இஎன்1க்கும் வித்தியாசம் கேட்டபோது முழித்தான். அது முக்கியமான வித்தியாசம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏபிபி, பிஎஸ்இஎன்1, பிஎஸ்இஎன்2 என்ற மூன்று மரபணுக்களில் ஏற்படும் சில மாற்றங்கள் இருந்தால் நோய் ஏறக்குறைய நிச்சயம், அதுவும் பெரும்பாலும் இளவயதிலேயே. அது மொத்த நோயாளிகளில் 1%க்கும் கீழே, அதை இந்த கிட் பார்ப்பதே இல்லை. வீட்டில் நாற்பது, ஐம்பது வயதிலேயே மறதி வந்தவர்கள் வரிசையாக இருந்தால் இந்த எச்சில் குழாயைத் தொடாமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

இப்போது பவுடர். அழைப்பின் கடைசி ஐந்து நிமிஷம் அதற்குத்தான். "உங்கள் ஜீனுக்கு ஏற்ற கீட்டோன் எரிபொருள்", எம்சிடி பவுடர், மாதச் சந்தா. எம்சிடி என்பது ஒருவகைக் கொழுப்பு, கல்லீரல் அதைக் கீட்டோனாக மாற்றும், குளுக்கோஸுக்குப் பதிலாக மூளை எரிக்கக்கூடிய இன்னொரு எரிபொருள் அது. இதன் பின்னால் இருக்கும் யோசனை எனக்குப் பிடித்தமானது என்பதை மறைக்க மாட்டேன். கனடாவில் ஸ்டீஃபன் கன்னேன் குழு செய்த பெட் ஆய்வுகளில், அல்சைமர் வந்த மூளை குளுக்கோஸைக் குறைவாக எடுத்தாலும், கீட்டோனை மட்டும் ஆரோக்கியமான மூளை மாதிரியே எடுத்துக்கொண்டது. ஒரு அடுப்பு மங்கிவிட்டாலும் இன்னொன்று எரிகிறது. லேசான மறதி நிலையில் இருப்பவர்களுக்கு தினம் 30 கிராம் எம்சிடி ஆறு மாதம் கொடுத்தபோது மூளைக்குக் கீட்டோன் போவது கூடியது, சில மனத்திறன் தேர்வுகளில் முன்னேற்றமும் தெரிந்தது. நம்பிக்கை தரும் வேலை, சின்ன அளவில்.

ஆனால் இதைப் பாருங்கள். எம்சிடி வகைப் பொருள் ஒன்றை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்து 2009இல் வெளியான சோதனையில் பலன் தெரிந்தது யாரிடம் தெரியுமா? இ4 இல்லாதவர்களிடம். இ4 உள்ளவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் வேறு கலவையில், பெரிய அளவில் செய்த சோதனை அதையும் உறுதிசெய்யவில்லை. என் ஜீன் இ4 என்று எச்சிலில் கண்டுபிடித்துச் சொன்ன அதே கம்பெனி, இ4 இல்லாதவர்களுக்கு ஒருவேளை உதவலாம் என்று தெரிந்த பொருளை, "உங்கள் ஜீனுக்கு ஏற்றது" என்று என் தலையில் கட்டுகிறது. இதைக் கோச்சிடம் சொன்னேன், குறித்துக்கொள்கிறேன் என்றார். ஒரு டப்பா ஏற்கனவே வாங்கியிருந்ததால் நான்கு நாள் குடித்தும் பார்த்தேன். நான்கு நாளும் வயிறு என்ன பாடுபட்டது என்பதை விவரிக்க வேண்டாம், முதலிலேயே முழு அளவு எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பது தெரிந்த விஷயமாம், டப்பாவில் அந்த எச்சரிக்கை இல்லை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் மிகவும் வலித்தது. கிட் வாங்கும்போதே அவன் சொன்னான், "அக்கா, உனக்கு என்ன வந்தாலும் எனக்குச் சொல்லாதே. எனக்குத் தெரிய வேண்டாம்." அதில் எந்தக் கோழைத்தனமும் இல்லை. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே, 2007இல் தன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் உலகத்துக்குத் திறந்து வைத்தபோது, ஏபிஓஇ இருந்த இடத்தை மட்டும் மறைக்கச் சொன்னார். என்னிடம் ஒரு இ4 இருந்தால் அது அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து வந்தது, அப்படியானால் தம்பியிடமும் இருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் ரிப்போர்ட்டே பாதி அவனுடையதுதான். ஆப்பில் "குடும்பத்துடன் பகிர்" என்பது முன்கூட்டியே தேர்வாகி இருந்திருக்கிறது, எமர்ஜென்சி தொடர்பு என்று அவன் மெயிலைக் கொடுத்திருந்தேன். என் ரிப்போர்ட் திறந்த அதே நிமிஷம் அவனுக்கு மெயில் போய்விட்டது. தலைப்பிலேயே "உங்கள் சகோதரிக்கு அல்சைமர் ஆபத்து அதிகம், உங்களுக்கு?" என்று. இரண்டு வாரம் அவன் என்னிடம் பேசவில்லை. கம்பெனி மன்னிப்புக் கேட்டது, கூடவே தம்பிக்கு ஒரு கிட் சலுகையில் தருகிறோம் என்றும் எழுதியிருந்தது.

தெரிந்துகொள்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நோயாளிகளின் பிள்ளைகளுக்கு ஏபிஓஇ முடிவைச் சொல்லிவிட்டு ஒரு வருடம் கவனித்த ஆய்வு 2009இல் வந்தது, ராபர்ட் கிரீன் குழுவினுடையது. அதில் முடிவு தெரிந்தவர்களிடம் பதற்றமோ மனச்சோர்வோ பெரிதாகக் கூடவில்லை. ஆனால் அங்கே முன்னாலும் பின்னாலும் ஆள் உட்கார்ந்து பேசினார்கள். எனக்குக் கிடைத்தது சிவப்புப் பட்டை.

இந்தப் பரிசோதனைக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடமும் உண்டு. லெகனெமாப், டொனனெமாப் போன்ற, அல்சைமரில் மூளையில் படிகிற அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் மருந்துகளைத் தொடங்கும் முன் ஏபிஓஇ பார்க்கச் சொல்கிறார்கள். காரணம், மூளையில் வீக்கம் வரும் பக்கவிளைவு ஜீனைப் பொறுத்து மாறுகிறது. லெகனெமாப் சோதனையில் இ4 இல்லாதவர்களில் 5.4%, ஒன்று உள்ளவர்களில் 10.9%, இரண்டு உள்ளவர்களில் 32.6%. அந்த மாதிரி இடத்தில் இந்த இரண்டு எழுத்து ஒரு முடிவை மாற்றுகிறது. அதை டாக்டர் எழுதிக் கொடுத்து, லேபில் செய்வார்கள், ஆப்பும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். என்னைப் போல நோய் எதுவும் இல்லாமல் பயத்தில் மட்டும் வாங்குகிறவர்களுக்கு, ரிப்போர்ட் வந்த பிறகு செய்யச் சொல்வதெல்லாம் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காது கேட்பது, நடப்பது, நாலு பேரோடு பழகுவது. இதை ஜீன் பார்க்காமலேயே சொல்கிறார்கள். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் இப்படி 14 விஷயங்களைப் பட்டியல் போட்டு, மறதி நோய்களில் 45% வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. காதில் மிஷின் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு எச்சில் எதற்கு?

கணக்கை மூட முடிவு செய்தேன். இந்தத் தொழிலில் பெரிய பெயரான 23அண்ட்மீயில் (நான் வாங்கியது அதுவல்ல) 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனியே திவால் மனு போட்டது. கம்பெனி கைமாறினால் நம் எச்சிலும் சேர்ந்துதான் கைமாறும். அழிக்கும் பட்டன் அமைப்புகளுக்குள் நான்கு அடுக்கு உள்ளே இருக்கிறது. தகவலை அழிப்பது தனி, லேபில் வைத்திருக்கும் மாதிரியை அழிப்பது தனி, ஆராய்ச்சிக்குக் கொடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்குவது தனி, மூன்றையும் தேடித் தேடி டிக் செய்யுங்கள். வாங்கியே தீருவேன் என்பவர்கள் பகிர்வு டிக்கை எடுத்துவிட்டு, யார் மெயிலையும் கொடுக்காமல், ரிப்போர்ட் திறக்கும் நாளில் விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள்.

எல்லாம் அழிந்துவிட்டதாக எனக்கு உறுதிக் கடிதம் வந்தது. அதற்கு நான்காம் நாள், "உங்கள் மூளை ஆற்றல் 74ஐ விட்டுவிடாதீர்கள்" என்று பவுடருக்குத் தள்ளுபடி மெயில் வந்தது.